பீலியும் சட்டமும்

இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. களு கங்கை அம்மாவட்டத்தின் ஊடாகவே கடலை நோக்கிச் செல்கிறது. அயலிலுள்ள கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியைக் களனி கங்கை ஊடறுத்துச் செல்கிறது. வடக்கே மா ஓயா ஓடுகிறது. இவ்விரு மாவட்டங்களும் சேர்ந்ததே சபரகமுவ மாகாணம். தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சே எழக்கூடாத இம்மண்ணில், சனவரி, பெப்ரவரி மாதங்களிலே தோட்ட லயன்களின் பக்கம் செல்வோர் பலவிடங்களிற் காண்பது பீலிக்கரையிற் குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும் காட்சியே. மழை குறைந்தது என்று கூறி இதனை விளக்கிவிடலாகாது. இதற்குரிய விளக்கத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகாலச் சட்டப் புத்தகங்களிற் புதைந்து கிடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறை மழைநீரைத் தன்னுள்ளே தேக்கிவைக்கும். அங்கே கிணறு வெட்டினால் நீர் கிட்டும். சபரகமுவவின் அடித்தளமோ மிகப் பழைய கடும்பாறை. அதன்மேல் உக்கிச் சிதைந்த மண்படை ஒன்று கிடக்கிறது; பாறையில் ஆங்காங்கே வெடிப்புகள் உள. பெய்யும் மழை அம்மண்படையிலும் வெடிப்புகளிலும் ஊறி, மெல்ல இறங்கி, சரிவின் அடியில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஆகவே இங்கு நிலத்தடி நீரென்பது பெரும்பாலும் ஊற்று நீரே. அவ்வூற்றின் ஆயுள் அது வெளிப்படும் இடத்தைக் காட்டிலும் அதற்கு மேலேயுள்ள சரிவையே பொறுத்திருக்கிறது. மேலே காடு நிற்கின்றதா, மண் வெறுமையாகக் கிடக்கின்றதா, சரிவைக் கொத்திப் புதுக்கன்று நட்டார்களா என்பவையே கோடையிற் பீலி ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

பீலி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். மலைநீரைச் சுனை என்று வழங்கிய பழம் புலவர்க்குப் பீலி என்றால் மயிற்றோகை. சங்கச் செய்யுள் படிக்கும் தோட்டத்து மாணவரோ அச்சொல்லைக் கண்டதும் மயிலை நினைப்பதில்லை. ஊற்று நீர் விழும் குழாயையும் அதனடியிலுள்ள கல்லையுமே நினைப்பர். அயற்கிராமத்துச் சிங்கள மக்களும் ஏறத்தாழ இதே ஒலியுடைய சொல்லை இதே பொருளில் வழங்குகின்றனர். ஒரே மலையின் நீரை மேலேயிருந்து தோட்டத்தாரும் கீழேயிருந்து கிராமத்தாரும் குடித்துவந்ததன் அடையாளமாக அச்சொல்லைக் கொள்ளலாம். சட்டம் மட்டும் இவ்விரு சாராரையும் ஒன்றாகக் கண்டதில்லை.

1815இற் கண்டி இராச்சியத்தோடு சபரகமுவவும் பிரித்தானியர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரிய காணியெனக் கொள்ள வழிசெய்தது. அவ்வாறு முடிக்குரியதான மலைகள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. இலங்கையில் வழங்கிய உரோம டச்சுச் சட்டத்தின்படி காணிக்குச் சொந்தக்காரனுக்கே அதன் அடியிலுள்ள நீரும் சொந்தம். ஆதலால் மலையை வாங்கியவன் ஊற்றையும் வாங்கினான். அதற்கென ஒரு சதமேனும் தனியாகக் கொடுத்தானில்லை.

அதே காலத்தில், அதே அரசாங்கம், நெல்வயல்களின் நீர் விடயத்தில் வேறொரு வழியை மேற்கொண்டது கவனிக்கத்தக்கது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கமக்காரரின் பழைய நீர் வழக்கங்களுக்கு மீண்டும் சட்ட வலுவைக் கொடுத்தது. பின்னர் 1871ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம், பாதை, கிணறு, பீலி போன்ற பொதுவிடயங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தைக் கிராமத்தவர் கூடிய சபைக்கு அளித்தது. நீரைப் பயன்படுத்துவோரே நீரை நிர்வகிக்கட்டும், அதன் செலவையும் அவர்களே தாங்கட்டும் என்ற கொள்கை இலங்கைக்கு உலக வங்கி கற்பித்த ஒன்றன்று. ஆனால் கிராமத்தவன் என்ற சொல்லுக்குள் லயனில் வாழ்ந்தவன் அடங்கவில்லை. அவனது நீரும் நோயும் துரையின் பொறுப்பு என ஒதுக்கப்பட்டன.

அப்பொறுப்புக்குப் பணம் எங்கிருந்து வருவது? இந்த வினாவுக்கு 1872இல் ஒரு விடை தேடப்பட்டது. இன்று நீர்ச் சட்டம் பற்றிப் பேசுவோர் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. கோப்பித் தோட்டங்களில் தொழிலாளர் பெருந்தொகையாக மடிந்தமை அரசாங்கத்துக்குப் பழியாக முடிந்ததால், அவ்வாண்டில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதன் ஏற்பாடு சுவையானது. ஒவ்வொரு தோட்ட மாவட்டத்திலும் துரைமார் கூடிக் குழு அமைக்கவேண்டும். அக்குழு ஏக்கர்க் கணக்கில் தோட்டங்கள் மீது வரி விதித்து, அந்நிதியைக் கொண்டு தொழிலாளரின் மருத்துவத்தை நடத்தவேண்டும். உள்ளூர் நிர்வாகம், உள்ளூர் நிதி எனும் இரண்டும் இதில் உண்டு. ஏட்டில் இதனைக் குறைகூற இடமில்லை. நடைமுறையிலோ வரியைத் தீர்மானிப்பவரும் வரியைச் செலுத்துபவரும் ஒருவராகவே இருந்தனர். எவருடைய உயிருக்காக வரி அறவிடப்பட்டதோ அவருக்குக் குழுவில் ஓர் ஆசனமும் இருக்கவில்லை. இத்தகைய குழு எவ்வாறு இயங்கியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பத்தாண்டு செல்லுமுன் அரசாங்கமே குழுக்களை நம்புவதைக் கைவிட்டது. 1880களின் தொடக்கத்திற் செய்யப்பட்ட திருத்தங்களால் மருத்துவ நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. நிதியும் தோட்ட விளைபொருளின் ஏற்றுமதித் தீர்வையிலிருந்து பெறப்பட்டது. 1912ஆம் ஆண்டின் 9ஆம், 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டங்கள் இம்முறையை விரிவாக்கித் தோட்டத்தின் சுகாதாரத்தைத் துரையின் சட்டக் கடமையாக்கின.

ஏற்றுமதித் தீர்வை என்பது துரையின் சட்டைப்பையிலிருந்து வந்ததென்று கணக்கேடு கூறும். கொழுந்து பறித்தவரும் பால் வெட்டியவரும் உழைத்த உழைப்பின் ஒரு பகுதியே அது. ஆகவே தோட்டத் தொழிலாளர் தமது நலத்துக்கு ஒருபோதும் பணம் கொடுத்ததில்லை என்ற கூற்று வரலாற்றுக்கு மாறானது.

சபரகமுவ தனி மாகாணமானது 1889இல். 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவில் நட்ட இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கேகாலை மலைச்சரிவுகளை மூடின. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, றுவான்வெல்லை, தெகியோவிற்றை என்பன இறப்பர் நாடாயின. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் தேயிலை. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். அந்நோய் மண்ணிலிருந்து காலின் வழியே ஏறுவது. மருந்து கொடுக்கத் துரைமார் உடன்பட்டனர், ஏனெனில் நோயாளி வேலைக்கு வருவதில்லை. மலகூடம் கட்டுவது செலவாயிற்றே என்று தயங்கினர். தண்ணீரின் நிலையும் இதுதான். அதனை வழங்குவது துரையின் கடமையாகச் சட்டத்தில் இருந்தது. அதனைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமையாக எழுதப்படவில்லை.

1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நீர் குறைந்த களனி கங்கையும் மா ஓயாவும் தெதுறு ஓயாவும் தொடர் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. அதனைத் தொடர்ந்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர்; கேகாலை மாவட்டம் மிகக் கொடிய அழிவைக் கண்டது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களிற் புகுந்தமையும், அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா 1936இல் றுவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானமையும் யாவரும் அறிந்தவை. இவ்விடத்து நாம் நோக்கவேண்டியது வேறொன்று. மழை மிக்க மாகாணத்திலும் ஒரு பருவம் தவறினால் ஆறு குட்டையாகிவிடும் என்பதை அக்கொள்ளைநோய் காட்டியது. ஆற்றை மட்டும் நம்பாது மலையின் உள்ளே ஊறிநிற்கும் நீரைப் பேணுவதற்கு ஓர் ஏற்பாடு அன்றே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தோன்றியது வேறு. 1937இற் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமையை விரிவாக்கும் திருத்தம் கொண்டுவரப்பட்டது. உள்ளூராட்சி அமைச்சர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் அவ்வுரிமையினின்றும் விலக்கப்பட்டனர். எதிர்ப்பு எழவே, இந்தியர் என்ற சொல் நீக்கப்பட்டு, தோட்டத் தொழிலாளர் என்ற பொதுப்பெயரால் அதே விலக்கு நிலைநிறுத்தப்பட்டது. கிணறு வெட்டும் சபை எதுவோ அதன் வாசல் லயன் மக்களுக்கு அடைக்கப்பட்டது.

1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்த கதையை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. அதற்கு முந்திய ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் பொதுவான ஆறுகளினதும் ஏரிகளினதும் நீரை முடியின் பொறுப்பாக்கியது. காணியின் உள்ளே ஊறும் நீரைப் பழையபடியே விட்டது. 1951இன் மண் பாதுகாப்புச் சட்டம் சரிவுகளைப் பற்றிப் பேசியது. 1964இல் நீர்வளச் சபையை அமைக்கும் சட்டம் நிறைவேறிற்று. நாட்டின் நீரைக் கணக்கெடுக்கும் சபை பிறந்த அதே ஆண்டு ஒக்டோபரிற்றான், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என மனிதரைக் கணக்கிட்டுப் பங்கிட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் எழுதப்பட்டது.

இக்காலத்துச் சட்டங்களுள் ஒன்றைச் சற்று நின்று நோக்கவேண்டும். 1953ஆம் ஆண்டின் இறப்பர் மீள்நடுகை உதவிச் சட்டம், ஏற்றுமதியாகும் இறப்பர் மீது ஒரு வரியை அறவிட்டு, அந்நிதியிலிருந்து முதிர்ந்த மரங்களைப் பிடுங்கிப் புதுமரம் நடும் காணிக்காரருக்கு உதவியளித்தது. மரம் முதிர்ந்தால் வருமானம் போகும். ஆகவே விளைபொருளிலிருந்தே அதற்கென நிதி ஒதுக்கினர். அது நல்ல ஏற்பாடே. அம்மரத்தின் அடியிலுள்ள ஊற்று வற்றினால் எந்த நிதியிலிருந்து பணம் வரும் என்று எவரும் கேட்டிலர். வரி அறவிடும் வழியும் இருந்தது, அதனைத் தனிநிதியாகப் பேணும் முறையும் இருந்தது; நீர் மட்டும் பட்டியலில் இடம்பெறவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மாறினார், லயன் மாறவில்லை. 1977இலும் 1981 ஓகத்திலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் மீது நிகழ்ந்த தாக்குதல்களால் வீடிழந்தோர் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று, மழை அரிதான மண்ணிற் பிறர் நிலத்தில் மீண்டும் தண்ணீர் தேடினர். 1987இன் பிரதேச சபைகள் சட்டம் கிராமத்தின் கிணற்றையும் பாதையையும் பிரதேச சபையிடம் ஒப்படைத்தது. அதன் 33ஆம் பிரிவோ தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 1937இல் அடைத்த வாசல் ஐம்பது ஆண்டின் பின்னும் அடைபட்டே இருந்தது.

1993இல் உலக வங்கிக் கடனுடன் சமுதாய நீர் வழங்கல் சுகாதாரத் திட்டம் பதுளை, மாத்தறை, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களில் தொடங்கி 1998 வரை நடைபெற்றது. ஊரவர் சங்கம் அமைத்து, மூலதனச் செலவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை உழைப்பாகவும் பணமாகவும் கொடுத்து, பின்னர் பராமரிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்கவேண்டும் என்பது அதன் விதி. இரத்தினபுரியின் சிங்களக் கிராமங்களுக்கு இம்முறை பொருந்தியது. ஊற்றை மறித்துச் சிறு தாங்கி கட்டி, மலையின் சரிவே நீரைக் கீழே கொண்டுவர, மாதக் கட்டணத்தால் அதனைப் பேணினர். கேகாலை மாவட்டத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் இதனையொத்த வேலை பின்னர் நடந்தது. 2014இல் இச்சங்கங்களைக் கவனிக்கத் தேசிய சமுதாய நீர் வழங்கல் திணைக்களம் அமைந்தது.

இம்முறையைத் தோட்டத்திற் பொருத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கிராமத்துச் சங்கம் தன் ஊற்றைச் சுற்றியுள்ள நிலத்தை அயலவரிடம் கேட்டுப் பெறலாம், விலைக்கும் வாங்கலாம். தோட்டத்துச் சங்கத்துக்குத் தாங்கி நிற்கும் இடமும் சொந்தமில்லை, குழாய் செல்லும் வழியும் சொந்தமில்லை, ஊற்றுக்கு மேலேயுள்ள சரிவு எக்காலத்தும் சொந்தமில்லை. 1992இல் 22 கம்பனிகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசுடைமையாகவே இருக்க, கம்பனிகள் நீண்ட குத்தகைக்காரராயின. இந்நிலையில் தன்னுடையதல்லாத பொருளைத் தன் செலவில் பராமரி என்று தொழிலாளியிடம் கூறுவது பங்கேற்பு ஆகாது. 2015இல் உலக வங்கி அங்கீகரித்த அடுத்த திட்டம் ஏழு மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. இரத்தினபுரி, கேகாலை, நுவரெலியா ஆகியவற்றுடன் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் இருந்தன. தோட்டங்கள் இம்முறை வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. 1981இல் ஓடியவரும் ஓடாது நின்றவரும் ஒரே கடன் பத்திரத்திற் சந்தித்தனர். ஆனால் கடனால் தாங்கி கட்டலாம். ஆண்டுதோறும் ஊற்றைக் காப்பது கடனால் ஆகும் காரியமன்று. 2022 ஏப்ரலில் அரசாங்கமே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்ததைக் கண்டோம்.

தேசிய அளவிலான நீர்ச் சட்டத்துக்கு முயற்சி நடைபெறாமலில்லை. 2000ஆம் ஆண்டளவில் வந்த நீர்வளக் கொள்கையும் நீர்வளச் சட்ட வரைவும், கமக்காரனின் தண்ணீருக்கு விலை வைக்கப் போகின்றனர் என்ற எதிர்ப்பில் அமிழ்ந்தன. 2003இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்த மசோதாவை உயர் நீதிமன்றம் ஆராய்ந்து, இவ்விடயம் மாகாண சபைகளையும் சார்ந்ததாகையால் அவற்றின் கருத்தை அறியாது அதனை நிறைவேற்றலாகாது எனத் தீர்மானித்தது. தண்ணீரைக் கம்பனிகளின் சரக்காக்குவதை எதிர்த்தவர்கள் செய்தது சரியே. இப்பத்திரிகையின் வாசகர்கள் அதனை மறுக்கமாட்டார்கள். ஆயினும் எதிர்ப்பு வென்ற இடத்தில் மக்கள் சார்பான மாற்றுச் சட்டமொன்றை முன்வைக்கும் வேலையை முற்போக்காளர் முடிக்கவில்லை. வெற்றிடம் வெற்றிடமாகவே கிடந்தது.

அவ்வெற்றிடத்தில் என்ன நேரும் என்பதற்குச் செம்பனை விவகாரம் சான்று. பெருந்தோட்டக் கம்பனிகள் இறப்பரை அகற்றிச் செம்பனை நட்டபோது, கேகாலை மாவட்டம் உட்படப் பலவிடங்களிற் கிராமத்தவர் கிணறும் ஊற்றும் வற்றுவதாக முறையிட்டனர். கம்பனிகள் மறுத்தன. அறிஞரிடையேயும் ஒருமித்த கருத்தில்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபை நியமித்த குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. 2021 ஏப்ரலிற் சனாதிபதி செம்பனைச் செய்கையைப் படிப்படியாக அகற்ற உத்தரவிட்டார். ஊற்றுகளின் நீரளவு ஆண்டுதோறும் பதிவு செய்யப்பட்டிருப்பின் எவர் கூறியது உண்மை என்பதை ஒரு பள்ளி மாணவனும் கணக்கிட்டுச் சொல்லியிருப்பான். அளவும் இல்லை, அளக்கும் பொறுப்புடைய உள்ளூர் அமைப்பும் இல்லை. ஆகவே முறையீட்டுக்கும் உத்தரவுக்கும் இடையே அரசியல் மட்டுமே இருந்தது.

ஒப்புநோக்குக்காகக் கடல் கடந்தும் பார்க்கலாம். தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டமொன்றை இயற்றி, நடைமுறைப்படுத்தாமலே 2013இல் நீக்கியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2014இல் ஒரு சட்டம் செய்தது. முக்கியமான நிலத்தடி நீர்ப்படுகைகளுக்கு உள்ளூர் அமைப்புகள் உருவாகவேண்டும். அவை நீரிறைப்போரிடம் கட்டணம் அறவிட்டு, ஏறத்தாழ 2040ஆம் ஆண்டளவில் இறைப்பையும் ஊற்றெடுப்பையும் சமப்படுத்தவேண்டும். நிதிக்கும் நிர்வாகத்துக்கும் ஒருசேர வழிகண்ட சட்டம் என்று அதனைப் புகழ்வோர் உண்டு. அச்சட்டம் நிறைவேறிய அதே வறட்சியாண்டிற்றான், கிழக்குப் போர்ட்டர்வில் என்ற சிற்றூரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலார் பண்ணைகளிற் கூலிவேலை செய்யும் மெக்சிக்க வழியினர். ஆழ்கிணறு தோண்டிப் பெரும் பொறியால் இறைத்தவர்கள் வேறு, கிணறு வற்றியவர்கள் வேறு. கட்டணம் செலுத்துவோரே குழுவில் ஓங்கியிருப்பரேல் கூலிக்காரனின் கிணற்றுக்காக வாதிடுவோர் யார் என்ற கேள்வி அங்கும் எழுந்தது. 1872இன் துரைமார் குழுவை அறிந்தவர்க்கு அக்கேள்வி புதியதன்று.

2018இற் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்குச் சபை நிதி செல்ல வழி திறந்தது. எண்பது ஆண்டு தாமதமெனினும் அது பெரிய காரியமே. எனினும் சபரகமுவவின் நிலை நுவரெலியாவின் நிலையன்று. அங்கே தோட்ட மக்களின் வாக்கு சபையை அமைக்கும். இங்கே அவர்கள் கிராமங்களுக்கிடையே சிதறிய சிறுபான்மையினர், ஒரு சபையில் ஓரிரு உறுப்பினரைப் பெறுவதும் அரிது. தனித்து நின்று கேட்டுப் பெறும் வலு அவர்களிடம் இல்லை. ஊற்றின் கீழே வாழும் சிங்களக் கமக்காரனோடு சேர்ந்து கேட்டால் இருக்கும். ஊற்றுக்கு மேலேயுள்ள சரிவு உரிக்கப்பட்டால் லயனின் பீலியும் கிராமத்தின் கிணறும் ஒரே கோடையில் வற்றும். 2016 மே 17இல் அரநாயக்கவிற் கிராமங்களும் புளத்கொகுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பும் ஒரே நாளில் மண்ணுள் அமிழ்ந்தன. மலையுள் ஊறி வெளியேற வழியின்றித் தேங்கிய நீரின் வேலையே அது. கோடையிற் கிட்டாத நீரும் மாரியிற் கொல்லும் நீரும் ஒரே மலையில் ஊறுவனவே. சரிவை அறிந்து பேணும் ஓர் அமைப்பு இரண்டுக்கும் வேண்டும்.

அவ்வமைப்பு எவ்வாறிருக்கலாம்? ஒரு மலைச்சரிவில் ஊற்று நீரைக் குடிக்கும் தோட்டக் குடும்பங்களும் கிராமக் குடும்பங்களும் சேர்ந்த ஒரு சபை. கம்பனிக்கு அதில் இடமிருக்கலாம், பெரும்பான்மை இருக்கலாகாது. நிதிக்கு வீட்டுக்கு வீடு அறவிடும் கட்டணம் பராமரிப்புக்கு மட்டும் போதுமானதாக இருந்தாற் சரி. சரிவைப் பேணும் பெருஞ்செலவு தேயிலை, இறப்பர் ஏற்றுமதியின் செஸ் வரியிலிருந்து வரவேண்டும். மருத்துவத்துக்கு 1880களிலும் மீள்நடுகைக்கு 1953இலும் பணம் அவ்வழியிலேயே வந்தது. கம்பனிகள் இதனை மேலதிகச் சுமை என்பர். அவர்கள் நூறு ஆண்டாக ஊற்று நீரைக் கொண்டு தொழிற்சாலையையும் நாற்றுமேடையையும் நடத்திவந்ததற்கு எவரும் கணக்குக் கேட்டதில்லை.

நிலம் யாரிடமிருந்தும் பறிக்கப்படவேண்டியதில்லை. 1975 முதல் அது அரசின் உடைமை. கம்பனிகளின் 53 ஆண்டுக் குத்தகை 2045இல் முடிவடைகிறது. ஒவ்வொரு கம்பனியிலும் அரசாங்கத்திடம் தங்கப் பங்கு எனப்படும் சிறப்புரிமைப் பங்கும் உண்டு. ஊற்றையும் அதன் மேற்சரிவையும் குத்தகையிலிருந்து விலக்கி, அச்சரிவின் மக்களது சபைக்கு உரித்தாக்க அரசாங்கத்துக்கு இன்றே வழியுண்டு. அதற்கு முதலில் ஊற்றுகளை எண்ணவேண்டும். எந்தத் தோட்டத்தில், எந்த மலையில், எந்த மாதத்தில் எவ்வளவு நீர் விழுகிறது என்று ஒவ்வொரு பீலியையும் குறித்துக்கொள்ளும் வேலையை ஒரு பிரதேச சபை தொடங்கலாம், தொழிற்சங்கம் தொடங்கலாம், வாளியும் கடிகாரமும் ஒரு பதிவேடும் கொண்டு ஒரு பாடசாலையும் தொடங்கலாம்.